சுரங்கத்து ஞாயிற்றுக்கிழமை

காலண்டர் அச்சடிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையில் போடுகிறார்கள். அந்தச் சிவப்பை நம்பிக்கொண்டு நெய்வேலியில் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போய்விட முடியாது. "இந்த வாரம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை புதன்கிழமையில் வருகிறது" என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னால், அவர் வேடிக்கை பேசுகிறார் என்று எண்ண வேண்டாம். அவருடைய வார ஓய்வு புதன்கிழமை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வெள்ளி. எதிர் வீட்டில் ஆபீஸ் உத்தியோகஸ்தர் இருந்தால் அவருக்கு மட்டும் உலகத்தோடு ஒத்த ஞாயிறு. ஒரே தெருவில் மூன்று வீடு, மூன்று ஞாயிறு.

மற்றவர்களுக்கு இது வெறும் சௌகரியக் குறைவு. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்ல வேண்டியிருக்கும். சினிமாவுக்குக் குடும்பத்தோடு போக முடியாது. ஆனால் வாரத்தில் இன்ன நாளில், எல்லோரும் ஒன்றாகக் கூடித்தான் தொழ வேண்டும் என்று விதித்துக்கொண்டிருக்கிற ஒரு சமயத்தாருக்கு இது பெரிய சங்கடம். நம் கோயில்களுக்கு எந்த நாளும் போகலாம். நாம் போகாவிட்டாலும் சாமிக்குக் காலசந்தியும் சாயரட்சையும் நடந்துவிடும். சபை கூடாவிட்டால் ஆராதனையே இல்லை என்பது கிறிஸ்தவர்களின் நிலை. சுரங்கமும் மின் நிலையமும் இரவு பகலாக ஓடுகிற ஓர் ஊரில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விசாரித்து அறிய வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. விசாரிக்கப் போனால், விஷயம் நெய்வேலியோடு நிற்கவில்லை. ரோமாபுரி வரையில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் நெய்வேலிக்கு ஏன் ஞாயிறு கிடையாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தண்ணீர்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீர் பீறிட்டு வந்தது. அதோடு கறுப்பாக ஏதோ பொடியும் வந்தது. அந்தக் கறுப்பைச் சாமானியமாக விட்டுவிடாமல் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டுபோனது அவருடைய பெருமை. பின்னால் பூகர்ப்ப சாஸ்திரிகள் வந்தார்கள், துளைகள் போட்டார்கள், பழுப்பு நிலக்கரி என்றார்கள். 1956 நவம்பரில் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய மின் நிலையத்தில் முதல் இயந்திரம் சுழன்றது.

கரியைக் காட்டிக்கொடுத்த அதே தண்ணீர்தான் கரியை எடுக்கவிடாமல் மல்லுக்கு நின்றது. கரிப் படுகைக்கு அடியில் மணல் அடுக்குகளில் ஊற்று நீர் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையில் அது மேல்நோக்கி முட்டுகிறது. மேலே உள்ள மண்ணின் பாரம் அதை அமுக்கி வைத்திருக்கிற வரையில் தொல்லையில்லை. மண்ணை வாரி எடுத்துவிட்டால், பானையின் மூடியை எடுத்த கதைதான். சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் பொங்கிவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, பம்புகளை வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். இரவில் நிறுத்த முடியாது, பொங்கலுக்கு நிறுத்த முடியாது, ஞாயிற்றுக்கிழமைக்கும் நிறுத்த முடியாது.

சட்டமும் இதற்கு ஏற்றபடியே இருந்தது. இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வாரத்தின் முதல் நாளில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்று ஆரம்பித்தது. முதல் நாள் என்றால் ஞாயிறு. அன்று வேலை வாங்கத்தான் வேண்டுமென்றால் முன்னே மூன்று நாளிலோ பின்னே மூன்று நாளிலோ ஒரு நாள் ஓய்வு கொடு என்று பிறகு இறங்கி வந்தது. 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்துக்கு இந்தத் தாட்சணியம் எல்லாம் இருக்கவில்லை. ஒரு வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் ஒருவன் வேலை செய்யக்கூடாது, அவ்வளவுதான். ஏழாவது நாள் எது என்று அது சொல்லவில்லை. பூமிக்குள் இறங்குகிறவனுக்குக் கிழமை எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதே வெள்ளைக்காரன் கோயிலுக்குப் போவதற்காக நம் தலையில் கட்டிய வழக்கம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கச்சேரிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் அது சரியாக இருக்கலாம். பம்பாய் மில் தொழிலாளிக்கு அந்த நாளை வாங்கித் தந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. அவர் ஜோதிபா பூலேயின் கூட்டத்தைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர் அல்லர். 1884-லிருந்து கூட்டம் கூட்டி, மனுக்கொடுத்து, 1890 ஜூனில் மில் முதலாளிகளை இணங்க வைத்தார். மராத்தியர்கள் பலருக்குக் குலதெய்வமான கண்டோபாவுக்கும் ஞாயிறுதான் உகந்த நாள். சாட்சாத் கிறிஸ்தவ நாட்டு முதலாளிகளிடமும் அவர்களைப் பார்த்துத் தொழில் நடத்திய நம்மவர்களிடமும், கண்டோபாவின் பக்தர்களுக்காக ஒருவர் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதைச் சரித்திரத்தின் குறும்புகளில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

இனி நெய்வேலிக் கிறிஸ்தவர்களிடம் வருவோம்.

அந்தச் சீமைக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் அங்கே மாதாவுக்குக் கோயில் எடுத்து, பெரியநாயகி என்று பெயர் வைத்தார். விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் அம்மனுக்கும் அந்தப் பெயர்தான்! இத்தாலியிலிருந்து வந்த மனிதருக்குக் காது எவ்வளவு கூர்மை, பாருங்கள். கடலூரில் 1737-லேயே இங்கிலீஷ் சங்கத்தின் ஆதரவில் ஜெர்மானியப் பாதிரிமார்கள் வேலை தொடங்கிவிட்டார்கள். 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் வேர் விட்டது. இவையெல்லாம் கிராமத்துச் சபைகள். கடலையும் கரும்பும் நெல்லும் விளைகிற பூமி. உழவன் தன் நேரத்துக்குத் தானே எஜமான் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை மணியடித்தால் கலப்பையை ஒரு வேளை சாத்தி வைக்க அவனால் முடிந்தது.

நகரியம் எழுந்தபோது வந்தவர்கள் வேறு தினுசு. முந்திரிக் காட்டையும் செம்மண் மேட்டையும் வெட்டித் திருத்தி, கோடு போட்டாற்போல் தெருக்களும், எண்ணிட்ட வட்டங்களும், ஒன்று போல் வீடுகளும் கட்டினார்கள். அந்த வீடுகளுக்குத் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோயிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார்கள். அவரவர் ஊரில் ஒரு சபைதான் உண்டு. மற்றச் சபைகளைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்டு, பார்த்தது குறைவு. இங்கே சுவருக்குச் சுவர். 1947-ல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் என்ற நால்வகையாரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது காகிதத்தில் பத்து வருஷத்துக் கதையாகி இருந்தது. ஆனால் எந்த இடத்தில் எழுந்து நிற்பது, எந்த இடத்தில் முழங்கால் போடுவது, எந்த மெட்டில் பாடுவது என்பதில் திருநெல்வேலிக்காரரும் மதுரைக்காரரும் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இப்படிப்பட்ட புது ஊர்களில்தான் வந்தது. பாமாலையின் இங்கிலீஷ் மெட்டுகளில் தகராறு வந்தாலும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே குரல். லுத்தரன் சபையார் அந்த ஐக்கியத்தில் சேராமல் தனியாக நின்றவர்கள். கத்தோலிக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெந்தெகொஸ்தேயாரின் கைத்தட்டலும் விரைவிலேயே கேட்டது.

எனக்கு ஒரு நண்பர். நாசரேத் பக்கத்துக்காரர். எழுபதுகளின் ஆரம்பத்தில் பம்பு பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்றுவிட்டவர். அவருடைய தகப்பனார் ஓய்வுநாள் ஆசாரத்தில் நெருப்பு. ஞாயிற்றுக்கிழமை கறிகாய் வாங்கக்கூடாது. சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிட வேண்டும். பஸ் ஏறக்கூடாது. பத்திரிகை படிக்கக்கூடாது. தென்பாண்டிக் கிறிஸ்தவக் கிராமங்களில் இப்படிப்பட்ட பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அந்த மனிதரின் மகன் மாதத்தில் மூன்று ஞாயிறு பம்பு பக்கத்தில் நிற்கிறான் என்றால் அவர் மனம் எப்படி இருக்கும்? வாரம் ஒரு கடிதம் வருமாம். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். மகன் பதில் எழுதுவார். சம்பளத்தைப் பற்றி எழுதுவார். வசனத்தைப் பற்றி எழுத மாட்டார்.

கடைசியில் பெரியவரே புறப்பட்டு வந்தார். மகன் அவரைச் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கீழே இருநூறடிப் பள்ளம். பூதம் போன்ற ஜெர்மன் இயந்திரங்கள் சக்கரத்தில் வாளிகளைக் கட்டிக்கொண்டு மண்ணை வழித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் குழாய்களிலிருந்து தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. "இதை நிறுத்தினால்?" என்றார் பெரியவர். "அடியில் நிற்கிறவர்கள் பிழைக்க மாட்டார்கள், அப்பா" என்றார் மகன். பெரியவர் வெகு நேரம் பேசவில்லையாம். பிறகு, ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைத் தூக்கி விடுவதைப் பற்றி இயேசு பரிசேயரிடம் கேட்ட கேள்வியை அவரே நினைவுபடுத்திக்கொண்டு, "எருதுக்கே அப்படி என்றால் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம். அதற்குப் பின் கடிதங்களில் வசனம் வருவது நிற்கவில்லை; ஆனால் ஓய்வுநாள் வசனம் மட்டும் வரவில்லை.

அவர் அன்று கண்டுபிடித்தது புதிய சலுகை அல்ல என்பதுதான் நான் விசாரித்து அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆதி கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறை நாளே இல்லை. ரோம சாம்ராஜ்யத்தில் அது வேலை நாள். அந்தச் சபைகளில் அடிமைகளும் கூலிக்காரர்களும் நிறைய. கி.பி. 112 வாக்கில் ஆசியா மைனரில் பித்தினியா மாகாணத்துக் கவர்னராயிருந்த பிளினி என்பவர், இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று சக்கரவர்த்தி திராஜனுக்குக் கடிதம் எழுதினார். குறித்த ஒரு நாளில் அவர்கள் விடிவதற்கு முன்பே கூடிப் பாடுகிறார்கள், கலைந்து போகிறார்கள், பிறகு மறுபடியும் கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று அதில் தகவல் இருக்கிறது. ஏன் விடிவதற்கு முன்? விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும்! முதல் ஷிப்டுக்கு முன்னால் ஒரு ஆராதனை, வேறென்ன?

அப்போஸ்தலர் நடபடிகளில் இன்னும் சுவையான ஒரு கதை. துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல் நாள் சபை கூடியிருக்கிறது. பவுல் நடுராத்திரி வரையில் பிரசங்கம் செய்கிறார். மேல்வீட்டில் விளக்குகள் அநேகம். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி வழிந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். நல்லவேளை, பிழைத்துக்கொள்கிறான். பிரசங்கிகள் இந்தக் கதையைத் தூங்குகிறவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்வார்கள். நீண்ட பிரசங்கம் செய்கிறவர்களுக்கு எச்சரிக்கையாக ஏன் சொல்வதில்லை என்பது என் சந்தேகம். பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரி வந்து உட்கார்ந்த பையனாகவே அவன் எனக்குத் தோன்றுகிறான். மூன்றாம் ஷிப்ட் முடித்துவிட்டு, கண்ணில் இரவு மிச்சம் இருக்க, நேராகக் கோயிலுக்கு வந்து தூணில் சாய்கிற தொழிலாளிக்கு அவன் அண்ணன்.

கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 321-ஆம் ஆண்டில்தான் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கிச் சட்டம் போட்டார். அந்தச் சட்டத்திலும் ஒரு விதிவிலக்கு இருந்தது. நகரத்தார் கடையைச் சாத்த வேண்டும். நாட்டுப்புறத்து உழவன் மட்டும் வேலை செய்யலாம். விதைப்புக்கும் நடவுக்கும் ஏற்ற பருவம் தவறினால் திரும்பி வராது என்பது காரணம். மண் யாருக்காகவும் காத்திராது என்பதைக் கிறிஸ்தவ உலகத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மண் காத்திராவிட்டால் தண்ணீர் காத்திருக்குமா?

கத்தோலிக்கருக்கு இதைவிடக் கடினமான ஒரு முடிச்சு இருந்தது. நற்கருணை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக்கூடாது என்பது பழைய விதி. பூசையும் காலையில்தான், மாலைப் பூசை வழக்கத்தில் இல்லை. ராத்திரி தூங்கி எழுந்து வருகிறவர்களுக்கு இது சுலபம். இரவு பத்து மணிக்கு வேலைக்குள் நுழைந்து காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவனுக்கு? நடுராத்திரிக்குப் பிறகு புழுதியிலும் சூட்டிலும் ஆறு மணி நேரம் வேலை செய்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் வந்து முழந்தாளிட வேண்டும். இல்லையென்றால் நற்கருணை இல்லை. பகல் ஷிப்ட்காரனுக்கு ஞாயிறு பூசையே கிட்டாது.

இந்தச் சங்கடம் நெய்வேலிக்கு முன்பே உலகத்துத் தொழில் நகரங்களில் எல்லாம் முற்றிப் போயிருந்தது. யுத்த காலத்தில் சில சலுகைகள் கொடுத்துப் பார்த்தார்கள். 1953 ஜனவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் விதியைத் திருத்தினார். தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாது. மேற்றிராணியார் அனுமதித்தால் மாலையிலும் பூசை வைக்கலாம் என்றார். 1957 மார்ச் 19-ஆம் தேதியிட்ட கட்டளையில் நடுராத்திரிக் கணக்கையே எடுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம், காபி தேத்தண்ணீருக்கு ஒரு மணி நேரம், அவ்வளவு போதும். இரண்டு மாதம் கழித்து, மே 20-ஆம் தேதி நெய்வேலியில் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். ரோமாபுரியில் யாரும் நெய்வேலியை நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் தொடங்குவதற்குள் அந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. 1964-ல் மூன்று மணியும் ஒரு மணியாயிற்று. 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்தது. அந்த வருஷங்களில் நெய்வேலிக் குழந்தைகள் லத்தீனில் பூசை கேட்க ஆரம்பித்துத் தமிழில் கேட்டு வளர்ந்தார்கள். பூசை என்ற சொல்லே மெல்ல மறைந்து திருப்பலி ஆயிற்று. பிறகு சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிற்றுக் கடனுக்குச் சரி என்றும் ஆகிவிட்டது. ஷிப்ட்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

புரொட்டஸ்டண்ட் சபைகளுக்குப் பாப்பரசர் இல்லை. ஒவ்வொன்றையும் கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். கமிட்டி கூடுவதற்கும் ஷிப்ட் தடை! ஒரே ஆராதனையை இரண்டாகப் பிரித்தால் சபை இரண்டாகிவிடுமே என்று பயந்த பெரியவர்கள் இருந்ததாக நண்பர் சொன்னார். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். விடிகாலை ஆராதனைக்காரரும் காலை ஆராதனைக்காரரும் ஒருவரையொருவர் கிறிஸ்துமஸில்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அது ஒரு குடும்பமா, ஒரே பந்தலில் நடக்கிற இரண்டு கல்யாணமா?

இந்தப் பிளவை ஒட்டுப் போட்டவை ஞாயிறு அல்லாத நாட்கள். இதுதான் வேடிக்கை. வாரக் கூட்டங்கள் என்று கோயில் பலகையில் எழுதிப் போடுகிறார்களே, அவற்றை வெளியாட்களாகிய நாம் சில்லறை விஷயமாக நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கியச் சங்கம், வாலிபர் கூட்டம், சனிக்கிழமை பாட்டு ஒத்திகை, கத்தோலிக்கர் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், மாதத்தின் முதல் வெள்ளி. ஞாயிறு கிட்டாதவனுக்குப் புதன்கிழமை ஓய்வென்றால் புதன்கிழமை ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக வட்டத்துக்கு வட்டம் வீட்டு ஜெபக்கூட்டம். இன்று ஒரு வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு. பாய் விரித்து, அரிக்கேனோ குழல் விளக்கோ ஏற்றி, பத்துப் பேர் உட்கார்ந்தால் சபை. முடிவில் காப்பி. அந்தக் காப்பியில்தான் திருநெல்வேலியும் மதுரையும் தஞ்சாவூரும் சம்பந்தி ஆயின. இது உபசார வார்த்தை அல்ல, பல கல்யாணங்கள் அங்கே பேசி முடிந்தன. உபதேசியார் சைக்கிளில், யாருக்கு எந்த ஷிப்ட் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு சுற்றுவாராம். தூங்குகிறவர் வீட்டுக் கதவைப் பகலில் தட்டிவிட்டால் ஆத்துமாவை இழந்துவிடுவோம் என்பது அவர் அனுபவ ஞானம்.

ஞாயிறு பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல் அதைத் தொடங்கியது ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க. ஆறு நாளும் தொழிலுக்குப் போன பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றே மிச்சம். நெய்வேலியில் அது தலைகீழ். பிள்ளைகளுக்கு ஞாயிறு உண்டு, தகப்பனுக்கு இல்லை. ஆகவே ஞாயிறு பள்ளிக்குக் கைபிடித்து அழைத்து வந்தவர்கள் தாய்மார்கள்; வகுப்பு எடுத்தவர்களிலும் பெண்கள் அதிகம். தகப்பன் இல்லாத ஞாயிறுகளில் காணிக்கைப் பை தூக்குவது, வருகிறவர்களை உட்கார வைப்பது என்று பெண்களின் கை ஓங்கியது. கிராமத்துச் சபைகளில் ஐம்பது வருஷம் பிடித்திருக்கும் காரியம் இது.

அறுப்பின் பண்டிகைதான் எனக்குச் சிரிப்பூட்டியது. அறுப்பே இல்லாத ஊரில் அறுப்பின் பண்டிகை! மாதச் சம்பளக்காரன் எதை அறுத்துக் கொண்டுவருவான்? அதற்கும் வழி கண்டார்கள். வீட்டுத் தோட்டத்துப் பூசணி, முருங்கை, வாழைத்தார், பண்ருட்டிப் பலா, முந்திரி எல்லாம் கோயில் முற்றத்தில் ஏலத்துக்கு வரும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பூசணியை ஒருவர் மேல் ஒருவர் விலையேற்றி, பத்து மடங்குக்கு எடுத்துப்போய், பாதி வழியில் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

முதல் மின் நிலையம் 2020-ல் நின்றுவிட்டது. கம்பெனியின் பெயரும் 2016-லேயே மாறிவிட்டது. பம்புகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கிறிஸ்துமஸ் இரவு என்ன செய்வீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். டிசம்பர் 24-ஆம் தேதி இரவு ஆராதனையும் மூன்றாம் ஷிப்டும் நேருக்கு நேர் மோதுகின்றனவே!

"அதற்கென்ன? என் ஷிப்டை அன்று முருகேசன் பார்த்துக்கொள்வான். தீபாவளிக்கு அவன் ஷிப்டை நான் பார்ப்பேன். ரம்ஜானுக்கு இரண்டு பேரும் சேர்ந்து இன்னொருவனுக்குப் பார்ப்போம்" என்றார்.

"பொங்கலுக்கு?"

"அதற்குத்தான் வருஷா வருஷம் சண்டை" என்றார் நண்பர். "அன்றைக்கு எல்லோருக்கும் லீவு வேண்டும்!"